பைபாட் போட்டால் வளையும் பிளாஸ்டிக் ஸ்டாக்: வீட்டிலேயே விறைப்பாக்க என்ன வழி?

பெர்த்வாசி:

வணக்கம். கையில் இருப்பது .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், மலிவு வரிசை மாடல். கருப்பு பிளாஸ்டிக் ஸ்டாக் (உலோகப் பாகங்களைத் தாங்கும் உடல்). ஃபோர்எண்டின் (பேரலுக்குக் கீழே இருக்கும் ஸ்டாக்கின் முன்பகுதி) உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய விலாக்கள், மற்றதெல்லாம் வெற்றிடம். பேரல் ஓரளவு தடிமன்.

ஆக்‌ஷனுக்கு (தோட்டா ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதி) நேர் கீழே மணல் பை வைத்துச் சுட்டால் 100 மீட்டரில் குரூப் (குண்டுகள் படும் கூட்டம்) ஒழுங்காக விழுகிறது. பைபாடை (முன்பக்க இருகால் தாங்கி) மாட்டி, தோளால் முன்னே தள்ளிப் படுத்துச் சுட்டால் குரூப் மேலே ஏறுகிறது, வலது பக்கமும் இழுக்கிறது. பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு தாளை ஓட்டிப் பார்த்தால், சும்மா இருக்கும்போது ரிசீவர் (ஆக்‌ஷனின் உடல்) வரை தடையில்லாமல் போகிறது. பைபாடில் பாரம் ஏற்றியதும் நுனியிலேயே சிக்கிக்கொள்கிறது. ஃபோர்எண்டைக் கையால் முறுக்கினாலும் திரும்புகிறது.

புது ஸ்டாக்கின் விலை துப்பாக்கியின் விலையில் பாதிக்கு வருவதால் இருப்பதையே சரி செய்ய நினைக்கிறேன். கேட்க வேண்டியவை:

ஃபோர்எண்ட் முழுக்க எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) ஊற்றினால் போதுமா, உள்ளே தண்டு வைக்க வேண்டுமா? தண்டு என்றால் கார்பனா, அலுமினியமா? பிளாஸ்டிக்கில் எபாக்ஸி ஒட்டாது என்கிறார்களே, உண்மையா? பின்பக்கம் தோளில் பதியும் பட் பகுதி காலியாக இருக்கிறது, தட்டினால் டப்பா மாதிரி சத்தம். அதில் ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாமா?

---

பிசின்பித்தன்:

எபாக்ஸியை மட்டும் ஊற்றினால் கனம்தான் கூடும், விறைப்பு சொல்லிக்கொள்ளும்படி கூடாது. கணக்கைப் பாருங்கள். சாதாரண பாலிப்ராப்பிலீனின் விறைப்பு சுமார் 1.5 ஜிகாபாஸ்கல், இறுகிய எபாக்ஸி சுமார் 3. அலுமினியம் 69. நீளவாக்கில் நார் ஓடும் கெட்டி கார்பன் தண்டு 120 அளவில் வரும். பாரத்தைச் சுமக்கப் போவது தண்டு. தண்டையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாகப் பிடித்து வைப்பதுதான் எபாக்ஸியின் வேலை.

ஆனால் முறுக்கு விஷயத்தில் எபாக்ஸிக்கும் ஒரு பங்கு உண்டு. உங்கள் ஃபோர்எண்ட் மேலே திறந்த வாய்க்கால் வடிவம். எந்தப் பொருளில் செய்தாலும் திறந்த வாய்க்கால் முறுக்கைத் தாங்காது. இரண்டு பக்கச் சுவரையும் இணைத்து மேலே ஒரு மூடி போட்டதுபோல் எபாக்ஸி இறுகிவிட்டால் முறுக்குவது பெரும்பாலும் நின்றுவிடும். உங்கள் குரூப் வலப்பக்கம் இழுக்க, பைபாடின் ஒரு கால் கூடுதலாகப் பாரம் வாங்கி ஃபோர்எண்ட் திருகிக்கொள்வது காரணமாக இருக்கலாம்.

அடுத்தது தண்டை எங்கே வைப்பது என்பது. வீடியோக்களில் எல்லோரும் இரண்டு தண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மட்டத்தில் படுக்க வைக்கிறார்கள். பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது. வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும், நடுவில் எதுவும் நடக்காத ஒரு மட்டம் இருக்கும். எல்லாத் தண்டும் ஒரே மட்டத்தில் கிடந்தால் அவையே அந்த நடு மட்டமாகிவிடும். 6 மி.மீ. கெட்டித் தண்டு இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக, மையத்துக்கு மையம் 12 மி.மீ. இடைவெளியில் வைத்தால், அதே இரண்டைப் பக்கவாட்டில் வைப்பதைவிடத் தண்டுகளின் பங்கு ஏறக்குறைய 17 மடங்கு கூடுகிறது. அதனால் நான் சொல்வது நான்கு தண்டுகள்: இரண்டு அடியில், இரண்டு மேலே. மேல் கீழ் வளைவுக்கும் ஆகும், ஸ்லிங் (தோள் வார்) பக்கவாட்டில் இழுப்பதற்கும் ஆகும்.

அலுமினியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 12 மி.மீ. சதுரக் குழாய், 1.5 மி.மீ. சுவர், 24 செ.மீ. நீளம் என்றால் 40 கிராம் சொச்சம். நான்கு கார்பன் தண்டுகளும் அதே எடைதான். ஆனால் நான் சொன்ன அமைப்பில் தண்டுகள் 6 மடங்கு விறைப்பு தரும். கடையில் அலுமினியம்தான் கிடைக்கிறது என்றால் செவ்வகக் குழாயானால் அகலமான பக்கம் நிற்கும்படி வையுங்கள், ஒட்டுவதற்குச் சற்று முன்புதான் உப்புத்தாள் போடுங்கள். தேய்த்து வைத்துவிட்டு மறுநாள் வந்தால் மேலே ஆக்ஸைடு படிந்திருக்கும், பிடிப்பு குறையும்.

உடைந்த கார்பன் அம்புத் தண்டையும் பலர் போடுகிறார்கள். அது குழல். இரண்டு முனையையும் அடைத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று எபாக்ஸி சூடாகும்போது குமிழாக வெளியே வரும். எந்தத் தண்டானாலும் பளபளப்பு போகும்வரை 80 ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கார்பனைத் தண்ணீர் விட்டு நனைத்தபடியே அறுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, தோலுக்கும் ஆகாது. முகமூடி, நைட்ரைல் கையுறை இரண்டும் கட்டாயம்.

ஒட்டுமா என்ற கேள்விக்கு, ஸ்டாக் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் பதில் இல்லை. ஃபோர்எண்ட் உள்ளேயோ, பட் பேடைக் (பட்டின் பின்நுனி மெத்தை) கழற்றினால் உள்ளேயோ அச்சில் எழுத்து இருக்கும்: பிபி என்று தொடங்கினால் பாலிப்ராப்பிலீன், பிஏ என்று தொடங்கினால் நைலான். எழுத்து இல்லையென்றால் விலாவிலிருந்து ஒரு சீவலை எடுத்து வெளியே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பாலிப்ராப்பிலீன் மெழுகுவர்த்தி வாசம் அடிக்கும், நைலான் முடி கருகும் நாற்றம். தண்ணீரில் மிதக்கிறதா என்ற சோதனையை நம்ப வேண்டாம்; கண்ணாடி நார் கலந்துவிட்டால் பாலிப்ராப்பிலீனும் மூழ்கும்.

நைலானில் 80 ஆம் எண் உப்புத்தாள், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் துடைப்பு, அவ்வளவுதான். பாலிப்ராப்பிலீனில் உப்புத்தாள் மட்டும் பத்தாது. கேஸ் டார்ச்சின் நீலச் சுவாலையின் நுனி மேற்பரப்பைத் தொட்டும் தொடாமல், நொடிக்கு ஓரடி வேகத்தில் ஓட்ட வேண்டும். நிறம் மாறக் கூடாது, உருகவும் கூடாது. பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாகத் திரண்டால் பத்தவில்லை, படர்ந்தால் சரி. அரை மணி நேரத்துக்குள் எபாக்ஸியைத் தடவிவிடுங்கள், நேரமாக ஆக அந்தப் பலன் மங்கிப்போகும். ஆல்கஹால் துடைத்தது முழுக்க உலர்ந்த பிறகுதான் சுவாலை, பாட்டில் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் ஒட்டுதலை மட்டும் நம்பாதீர்கள், பூட்டும் போடுங்கள். 3 மி.மீ. பிட்டால் விலாக்களில் வரிசையாகத் துளைகள். பக்கச் சுவரில் சாய்வாக, ஒன்றரை மி.மீ. ஆழத்துக்குமேல் போகாமல் குழிகள். உருண்டைத் தலை பர் (அரைக்கும் முனை) ஒன்றை டிரெமலில் (சிறு கைச் சுழல் கருவி) மாட்டி அந்தக் குழிகளின் அடியைக் கொஞ்சம் அகலமாக்கினால், இறுகிய எபாக்ஸி உரிந்து வர வழியே இருக்காது. குறுக்கு விலாக்களை முழுதாக வெட்டி வீசிவிட வேண்டாம். தண்டு போகும் இடத்தில் மட்டும் 7 மி.மீ. துளையோ பள்ளமோ போதும். விலாதான் பக்கச் சுவரை நேராக நிறுத்தி வைத்திருக்கிறது.

கார் டிங்கரிங் கடையில் தரும் பாலியெஸ்டர் பட்டி இதற்கு ஆகாது. சுருங்கும், பிளாஸ்டிக்கை விட்டு ஏடாகக் கழன்று வரும்.

---

வன்னிக்காடு:

பிசின்பித்தன் அண்ணை சொன்னதில எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஊத்திற வேலையிலதான் கனபேர் பிழை விடுறவை. நான் அதைப் பற்றி மட்டும் எழுதுறன்.

முதல் வேலை: போல்ட்டைக் கழற்றி, சேம்பரை (தோட்டா இருக்கிற அறை) கண்ணாலயும் விரலாலயும் பாத்து, மகசினையும் எடுத்து வேற இடத்தில வையுங்கோ. ஆக்‌ஷனைக் கழற்றின பிறகு றைபிளின்ர உலோகப் பகுதி முழுக்கப் பூட்டுப் பெட்டிக்குள்ள போகவேணும். எபொக்ஸி இறுக ஒரு நாளுக்கு மேல எடுக்கும். பரல் போட்ட ஆக்‌ஷனை ஸ்டாக்குக்குள்ளயே வைச்சு இறுக விடச் சொல்லிச் சிலர் எழுதுவினம். அப்பிடிச் செய்தால் முழுத் துவக்கும் இரவிரவா மேசையில கிடக்கும், நிமித்தி வைக்கிற பெட்டிக்குள்ள படுக்க வைக்கவும் ஏலாது. அதுக்குப் பதிலா பரலின்ர மொத்தத்துக்கு ஒரு வட்ட மரத்தடியை எடுத்து, ஒட்டுநாடா சுத்தி அளவாக்கி வாய்க்காலுக்குள்ள வையுங்கோ. பக்கச் சுவர் உள்ளுக்கோ வெளியிலயோ சாயாமல் அது பிடிக்கும். ஸ்டாக்கின்ர அடிப்பக்கத்தை நேரான ஒரு பலகையில இரண்டு கிளாம்ப் போட்டு மெல்லமா இறுக்குங்கோ. ஃபோர்எண்ட் வளைஞ்சு இருக்கேக்க எபொக்ஸி இறுகினால் பிறகு அந்த வளைவை எடுக்கவே ஏலாது.

அளவு: ஊத்த முதல், துளையளைப் பிளாஸ்டிசினால (பிள்ளையள் விளையாடுற களி) அடைச்சுப்போட்டு, நிரப்பப்போற உயரம் வரைக்கும் ரவையைக் கொட்டி, பிறகு அதை அளவுக் குவளையில ஊத்திப் பாருங்கோ. இந்த மாதிரி ஸ்டாக்குக்கு 100 மில்லிலீற்றர் அண்ணளவா வரும். தண்டுகள் 25 மில்லிலீற்றர் இடம் பிடிக்கும், ஆனால் குவளையில ஒட்டிப் போறது, துளைக்குள்ள போறது எல்லாம் இருக்கு. 110 கிராம் கலவைக்கு ஆயத்தமா இருங்கோ, ஆனால் ஒரே தரத்தில கலக்காதேங்கோ.

ஏன் எண்டால் சூடு. 100 கிராமை ஒரு குவளையில கலந்து வைச்சால் அது தன்ர சூட்டிலயே கெதியா இறுகும், புகை கூட வரும். வெஸ்ட் சிஸ்டம் 105 பிசினோட 205 கடினமாக்கியைப் போட்டால் 22 பாகை அறையில பத்து நிமிசம்தான் கைவசம். 206 எண்டால் 20 தொடக்கம் 25 நிமிசம். இரண்டுக்கும் கன அளவில 5 பங்குக்கு 1 பங்கு. இந்த வேலைக்கு 206தான் சரி. பெர்த் வெய்யிலுக்குள்ள அந்த நேரமும் பாதியாப் போகும், ஆனபடியால் காலமை வெள்ளண்ணச் செய்யுங்கோ. ஒரு தரத்துக்கு 50 கிராமுக்கு மேல வேண்டாம், தடிப்பு 10 மில்லிமீற்றருக்கு மேல வேண்டாம். தடிப்பா ஊத்தினால் சூட்டில பிளாஸ்டிக் இளகும், ஆறேக்க சுருங்கி இரண்டு பக்கச் சுவரையும் உள்ளுக்கு இழுக்கும்.

ஒழுங்கு இப்பிடி:

முதல்ல வெறும் எபொக்ஸியைத் தூரிகையால உள்ளெல்லாம் தேய்ச்சு விடுங்கோ, குழியளுக்குள்ள குச்சியால குத்தி விடவேணும். இதைச் செய்யாமல் தடிச்ச கலவையை நேர போட்டால் குழிக்குள்ள காத்துத்தான் இருக்கும்.

பிறகு சிலிக்காத் தூளும் நறுக்கின கண்ணாடி நாரும் சேர்த்து இட்டலி மாப் பதத்துக்குத் தடிப்பாக்கின கலவையை 3 மில்லிமீற்றர் பரவி, கீழ்த் தண்டு இரண்டையும் அமத்தி வையுங்கோ. தண்டிலயும் முதலே எபொக்ஸி பூசியிருக்கவேணும். மூடி நிரப்பி விடுங்கோ.

விரலால தொட்டால் ஒட்டும், ஆனால் கையுறையில வராது எண்ட நிலை வந்த உடன இரண்டாவது கலவை, மேல் தண்டுகள். இந்த நேரத்தைத் தவற விட்டு முழுக்க இறுகிப் போனால் மேல ஒரு வழுவழுப்புப் படலம் வந்திருக்கும். வெறும் தண்ணியால தேய்ச்சுக் கழுவி, காயவைச்சு, உப்புத்தாள் போட்டுத்தான் அடுத்த படை. அந்தப் படலம் தண்ணிக்குத்தான் போகும், அசிட்டோன் போட்டு மினைக்கெடாதேங்கோ.

மேல்மட்டம் பரலுக்குக் கீழ 3 தொடக்கம் 4 மில்லிமீற்றர் தள்ளி நிக்கவேணும். மரத்தடியில சப்பாத்துக்குப் பூசிற நிறமில்லாத மெழுகுப் பொலிஷ் இரண்டு தரம் பூசித் துடைச்சு வையுங்கோ. வாய்க்கால் விளிம்பில மாஸ்கிங் நாடா ஒட்டி, எபொக்ஸி இறுக முதல் உரிச்சு எடுங்கோ.

பைபாட் மாட்டிற ஸ்விவல் ஸ்டட்டை மறந்துபோகாதேங்கோ. அதின்ர நட் உள்ளுக்கு இருக்கும். அதுக்குக் கீழ 25 மில்லிமீற்றர் அகல வாஷர் ஒண்டைப் போட்டு, நட்டையும் வாஷரையும் எபொக்ஸிக்குள்ள புதையுங்கோ, ஆனால் ஸ்டட்டின்ர மரைக்கு மெழுகு பூசி, மேல நீட்டிற நுனிக்கு ஒரு சின்னப் பிளாஸ்டிசின் தொப்பியும் போடவேணும். இல்லையெண்டால் அந்த ஸ்டட்டை ஒருக்காலும் கழற்ற ஏலாது.

குளிர் நாட்டில இருக்கிற ஆக்களுக்கு: கராஜில 15 பாகைக்குக் கீழ இறங்கினால் இந்த வேலையே வேண்டாம். இரண்டு நாள் கழிச்சும் மேல பிசுபிசு எண்டு இருக்கும். வீட்டுக்குள்ள, சன்னல் திறந்து வைச்சுச் செய்யுங்கோ.

---

நீள்குறி:

டிரெமலை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் செலவழித்து, பிரச்சினை உண்மையில் ஸ்டாக்கில்தானா என்று பாருங்கள். ஆக்‌ஷன் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும், ஸ்கோப் பேஸின் (குறிநோக்கி மாட்டும் தளம்) முன் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் பைபாடில் போட்டதும் குரூப் நகரும். தாள் சிக்குகிறது என்பதால் ஸ்டாக் தொடுகிறது என்பது நிச்சயம். ஆனால் மற்ற இரண்டும் சரி என்று அதற்கு அர்த்தமில்லை.

அளப்பதற்குத் தாள் பத்தாது. பட் பகுதியையும் ஆக்‌ஷன் பகுதியையும் மெத்தை வைத்த வைஸில் தலைகீழாகப் பிடித்து, ஸ்விவல் ஸ்டட்டில் 5 கிலோ தொங்கவிடுங்கள். தலைகீழாக இருப்பதால் எடை ஃபோர்எண்டைப் பேரல் பக்கமாக இழுக்கும், பைபாட் தள்ளுவதும் அதே திசைதான். நுனியில் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடை இல்லாமலும் எடையோடும் அளந்து எழுதி வையுங்கள். வேலை முடிந்த பிறகு அதே எடை, அதே இடம். இந்த இரண்டு அளவும் இல்லாமல் "இப்போது விறைப்பாகத் தெரிகிறது" என்று சொல்வதில் பயனில்லை. கனம் கூடினாலே கைக்கு விறைப்பாகத்தான் தெரியும்.

எடை ஏற்றும்போது நுனி 1 மி.மீ.க்கும் குறைவாகத்தான் நகர்கிறது, ஆனால் ஆரம்ப இடைவெளியே அரை மி.மீ.தான் என்றால், எபாக்ஸி எதற்கு? ஒரு மரத்தடியில் உப்புத்தாள் சுற்றி வாய்க்காலை 2 மி.மீ. திறந்துவிட்டால் கதை முடிந்தது. எதிர்ப்பக்கமும் உண்டு. ரெமிங்டன் 700 எஸ்பிஎஸ் மாதிரி சில ஸ்டாக்குகளில் நுனியில் பேரலை வேண்டுமென்றே தாங்கும் இரண்டு மேடுகளை வார்த்திருப்பார்கள். பேரல் ஸ்டாக்கைத் தொடாமல் மிதக்கவிடலாம் என்று அதைத் தேய்த்து எடுத்த பிறகுதான் மெல்லிய ஃபோர்எண்டின் தள்ளாட்டம் வெளியே வருகிறது. தேய்ப்பதென்றால் விறைப்பாக்கும் வேலையையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பிசின்பித்தன் சொல்லாமல் விட்ட ஒன்று: தண்டு எங்கே முடிகிறது? பெரும்பாலானோர் ரீகாயில் லக்குக்கு (சுடும்போது வரும் பின்னுதைப்பை ஸ்டாக்குக்குக் கடத்தும் உலோகக் கட்டை) முன்னாலேயே தண்டை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ஃபோர்எண்ட் கம்பி போல நிற்கும், வளைவு முழுவதும் தண்டு முடியும் இடத்துக்கும் மகசின் வாய்க்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு அங்குலத்துக்குப் போய்விடும். அங்கே விரிசல் விட்டால் ஸ்டாக்கே போச்சு. தண்டுகளை லக்கின் இரண்டு பக்கமும் இடம் இருக்கும்வரை பின்னால் கொண்டு போங்கள். நான்கையும் ஒரே கோட்டில் நிறுத்தாமல், கீழ் இரண்டு 20 மி.மீ. நீளமாக இருக்கட்டும். ஆனால் லக் உட்காரும் பள்ளத்தின் பின் சுவரை எபாக்ஸி தொடக் கூடாது. அங்கே ஒரு துளி சேர்ந்தாலும் ஆக்‌ஷன் பழைய இடத்தில் உட்காராது. பள்ளம் முழுவதையும் பிளாஸ்டிசினால் அடைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

ஆக்‌ஷன் ஸ்க்ரூவின் டார்க் (இறுக்கும் அளவு) பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் 65 இஞ்ச் பவுண்டு, அதாவது 7.3 நியூட்டன் மீட்டர் என்று எல்லா இடத்திலும் ஓதுகிறார்கள். அது அலுமினிய பெடிங் பிளாக் (ஆக்‌ஷன் உட்காரும் உலோகக் கட்டை) உள்ள ஸ்டாக்குக்கு. பில்லர் (ஸ்க்ரூவைச் சுற்றி நிற்கும் உலோகத் தூண்) இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில் அந்த அளவுக்கு இறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கிக்கொண்டே போகும், இறுக்கம் நிலைக்காது. கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அளவு.

---

பெர்த்வாசி:

மூவருக்கும் நன்றி. ஸ்டட்டில் 5 கிலோ தொங்கவிட்டதில் நுனி 1.8 மி.மீ. நகர்ந்து பேரலில் முட்டி நின்றுவிடுகிறது. ஆரம்ப இடைவெளியே அவ்வளவுதான். ஸ்க்ரூக்கள், ஸ்கோப் பேஸ் எல்லாம் கையேட்டு அளவில் இருக்கின்றன. பட் பேடுக்கு உள்ளே பிஏ6-ஜிஎஃப்30 என்று அச்சு இருக்கிறது.

நைலானில் 30 சதவீதம் கண்ணாடி நார் என்றால் அதுவே விறைப்பான பொருள்தானே, பிறகு ஏன் இப்படி வளைகிறது? இன்னொன்று, கோடையில் இங்கே பூட்டிய காருக்குள் கை வைக்க முடியாது. எபாக்ஸி தாங்குமா?

---

பிசின்பித்தன்:

நல்ல பொருள்தான். உலர்ந்த நிலையில் பாலிப்ராப்பிலீனைவிடப் பல மடங்கு விறைப்பு. ஆனால் நைலான் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். அதைவிட முக்கியமாக, உங்கள் குறை வடிவத்தில் இருக்கிறது. 3 மி.மீ. சுவரில் திறந்த வாய்க்கால் செய்தால் எதைக் கொண்டு செய்தாலும் இப்படித்தான். அச்சில் வேகமாக ஆற வேண்டும் என்பதற்காகச் சுவரை மெல்லியதாகவே வைப்பார்கள், கெட்டியாக வார்த்தால் வெளியே குழி விழும்.

உங்களுக்கு இதில் லாபமும் உண்டு: சுவாலை வேலை தேவையில்லை. ஆனால் நைலான் ஈரத்தோடு இருக்கும்போது ஒட்டாதீர்கள். வெறும் ஸ்டாக்கை ஏசி ஓடும் அறையிலோ சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியிலோ சில நாள் வைத்துவிட்டு, தேய்த்து, துடைத்து உடனே எபாக்ஸி தடவுங்கள். முற்றிலும் உலரப் போவதில்லை. மேற்பரப்பில் ஈரம் இல்லாமல் இருந்தால் போதும்.

வெயில் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. அறை வெப்பத்தில் இறுகிய இந்த வகை எபாக்ஸி 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் கருப்பு ஸ்டாக் அதைத் தாண்டலாம். திரவமாகிவிடாது, ரப்பர் மாதிரி ஆகும், ஆறினால் மீண்டும் இறுகும். அந்த நேரத்தில் பாரம் இருந்தால் மட்டும் அந்த வடிவத்தில் நின்றுவிடும். அதனால் பைபாடை விரித்து நிறுத்தியபடியோ, ஃபோர்எண்டின் மேல் பை சாய்ந்தபடியோ காரில் விடாதீர்கள். எபாக்ஸி ஊற்றி இரண்டு நாள் கழித்து, ஸ்டாக்கை 45 முதல் 50 டிகிரி சூட்டில் ஆறேழு மணி நேரம் வைத்தால் தாங்கும் வெப்பம் கொஞ்சம் உயரும். பழைய அட்டைப் பெட்டி, உள்ளே 60 வாட் குண்டு பல்பு, ஒரு வெப்பமானி போதும். பல்பு அட்டையைத் தொடக் கூடாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஆக்‌ஷன் உள்ளே இருக்கக் கூடாது. மரத்தடியும் பலகையும் மாட்டியபடியே இருக்கட்டும்.

1.8 மி.மீ. நகர்ந்து முட்டுவது என்பது கணிசம். நான்கு தண்டு போட்டு, லக் வரை கொண்டு போனால் அரை மி.மீ.க்குக் கீழே வர வேண்டும். வரவில்லை என்றால் நகர்வது ஃபோர்எண்ட் அல்ல, லக்குக்குப் பின்னால் இருக்கும் பகுதி.

---

நீள்குறி:

அப்படி வந்தால் ஊற்றிய எபாக்ஸியைக் குறை சொல்லாமல் ஆக்‌ஷனுக்கு பெடிங் (ஆக்‌ஷன் உட்காரும் இடத்தைப் பிசினால் அச்சாகப் படிய வைப்பது), பில்லர் பக்கம் போங்கள். ஸ்டாக் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ஹோக் ரப்பர் ஸ்டாக்கில் இரண்டு வகை விற்கிறார்கள், பில்லர் மட்டும் உள்ளது ஒன்று, முழு நீள அலுமினிய பிளாக் உள்ளது இன்னொன்று. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பில்லர் வகையை வாங்கி பைபாட் போட்டால் இதே கேள்வியோடுதான் திரும்பி வருவீர்கள்.

1.8 மி.மீ. இடைவெளியை அப்படியே விட்டுவிடுங்கள், இனி தேய்க்கத் தேவையில்லை.

---

வன்னிக்காடு:

பட்டுக்கு ஃபோம் அடிக்கிறதைப் பற்றி ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

டின்னில வாற ஸ்ப்ரே ஃபோம் காத்தில இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். பட் மாதிரி மூடின குழிக்குள்ள ஒரே தரத்தில அடிச்சு நிரப்பினால் வெளிப்பக்கம் இறுகி அடைச்சுப்போடும், நடுவில நாள் கணக்கா ஈரமாவே கிடக்கும். பிறகு ஒரு சூடான நாளில உப்பும். பட்டின்ர பக்கச் சுவர் வீங்கி பட் பேட் பொருந்தாமல் போன ஸ்டாக்குகளுக்குக் காரணம் இதுதான். இரண்டு கலவையாக் கலக்கிற ஃபோம் எண்டால் ஈரம் தேவையில்லை, சரியா இறுகும். அதையும் மூண்டில ஒரு பங்கு மட்டும் ஊத்தி, அது பொங்கி முடிஞ்ச பிறகு அடுத்தது. பட் பேட்டின்ர ஸ்குறூ இறங்கிற தூணுகளை முதலே நாடாவால சுத்தி விடுங்கோ.

ஆனால் ஃபோம் சத்தத்தைத்தான் அடக்கும், விறைப்புத் தராது. உங்கட கன்னம் படுற இடம் அமுங்குதெண்டால் அது வேற கதை. முன்னுக்கு 150 கிராம் அளவில ஏறப்போகுது, றைபிள் மூக்குக் குத்தும். அதைச் சமப்படுத்த வேணுமெண்டால் ஈயக் குண்டை எபொக்ஸியில குழைச்சு, சின்னப் பிளாஸ்டிக் போத்தலுக்குள்ள இறுக விட்டு, பட்டுக்குள்ள ஸ்பொஞ்ச் சுத்திச் செருகுங்கோ. நேர ஊத்தாதேங்கோ, பிறகு குறைக்க ஏலாது.